சட்னியில் என்ன இருக்கிறது என்று சப்ளையருக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓட்டல் மெனு கார்டில் கலோரி அளவு எழுதுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய நிறுவனங்கள் எழுதுகின்றனவா, எழுதியதை யாராவது பார்க்கிறார்களா என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. அதே விதிமுறையில் கலோரிக்குப் பக்கத்திலேயே ஒவ்வாமை தரும் பொருள்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. அதைப் பற்றி நம் ஊரில் ஒருவரும் பேசக் காணோம். நான் 1980களில் திருச்சியில் ஒரு சைவ ஓட்டலில் டேபிள் துடைக்கச் சேர்ந்து, சப்ளையராகி, சூபர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் வயிற்றுப் பேத்திக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தும்மலோடு போகிற விஷயமல்ல. மூச்சை அடைக்கிற அளவுக்கு ஆகாது. அடுக்களையையும் தெரியும், டேபிளில் உட்கார்ந்து பயந்துகொண்டே சாப்பிடுகிறவர்களின் நிலையையும் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் விதிமுறையைச் சொல்லிவிடுகிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிகள், உணவகங்களைப் பொறுத்தவரை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மத்திய உரிமம் வைத்திருக்கும் உணவகங்களும், 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவையும் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நேராக ஒரு பரிமாறலின் அளவையும் அதன் கலோரியையும் போட வேண்டும். சுறுசுறுப்பான ஒரு பெரியவருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவை என்ற வாசகமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கூடவே ஒவ்வாமைத் தகவலும். கோதுமை, பார்லி போன்ற குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள பொருள்கள் என்று 8 வகைகள் அந்தப் பட்டியலில் உண்டு.

நல்ல விதிதான். ஆனால் நம் மக்கள் சாப்பிடுகிற இடங்கள் எத்தனை இதற்குள் வரும்? பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற டிபன் கடை, ஆஸ்பத்திரி வாசல் மெஸ், நெடுஞ்சாலையில் பஸ் நிறுத்துகிற ஓட்டல், மூன்று கிளையோடு ஊருக்கே பேர் பெற்ற சைவ ஓட்டல், பரோட்டா கடை, பிரியாணிக் கடை எல்லாமே வெளியே நிற்கின்றன. மால் உணவுக்கூடத்தில் பர்கர் வாங்குகிறவருக்குக் கிடைக்கிற தகவல், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

கலோரியைப் பொறுத்தவரை இந்த வரம்பு நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்தில் எல்லாக் கிளையிலும் ஒரே அச்சு, ஒரே எடை. சிறிய ஓட்டலில் நெய் ரோஸ்டுக்கு எத்தனை கலோரி என்று யார் சொல்ல முடியும்? காலை ஷிப்டு தோசை மாஸ்டர் ஒரு கரண்டி நெய் விடுவார், மாலை மாஸ்டர் ஒன்றரைக் கரண்டி விடுவார். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி. அந்த அரைக் கரண்டியிலேயே கணக்கு எங்கோ போய்விடும். ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கக் காசும் ஆகும். அமெரிக்காவில் 2018 முதல் 20 கிளைக்குக் குறையாத நிறுவனங்களுக்கும், இங்கிலாந்தில் 2022 முதல் 250 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கும்தான் கலோரி எழுதும் கட்டாயம் இருக்கிறது. அங்கேயும் பெரிய கடைகளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இதனால் கலோரி முக்கியமில்லை என்று ஆகிவிடாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. ஏறக்குறைய 10 கோடிப் பேர். காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெல்லம் சேர்த்த சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்குகிற பெரியவர்களைத் தினமும் பார்த்தவன் நான். சாம்பாரில் வெல்லம் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும்.

ஒவ்வாமைக்குக் கரண்டிக் கணக்கு வேண்டியதில்லை. இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். மாஸ்டருக்குப் பதில் தெரியும், ஆய்வகம் வேண்டாம், செலவும் இல்லை. பிரிட்டனில் 2014 டிசம்பர் முதல், 14 வகைப் பொருள்கள் எதில் இருக்கின்றன என்று சொல்லும் பொறுப்பு சிறிய டீக்கடைக்கும் உண்டு, பெரிய ஓட்டலுக்கும் உண்டு. நாம் இரண்டையும் ஒரே வரம்புக்குள் கட்டிப் போட்டுவிட்டோம். என் வழக்கே இதுதான்: கலோரி பெரிய கடைகளோடு நிற்கட்டும், ஒவ்வாமைத் தகவல் எல்லாக் கடைக்கும் வர வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நம் சாப்பாடு எளிமையாகத் தெரியும். தேங்காய் சட்னி என்றால் தேங்காய் என்று நினைப்பார்கள். தேங்காய் விலை ஏறும்போது சட்னியில் பொட்டுக்கடலை கூடும். அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் வறுத்த வேர்க்கடலை சேரும். தாளித்துக் கொட்டிவிட்டால் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. குருமாவுக்கு முந்திரி அரைப்பது வழக்கம். முந்திரி விலை ஏறினால் பாதி முந்திரி, பாதி வேர்க்கடலை. சில இடங்களில் வெள்ளரி விதை. யாரையும் ஏமாற்றுகிற எண்ணத்தில் மாஸ்டர்கள் இதைச் செய்வதில்லை. சரக்கு வாங்குகிற முதலாளி கொடுத்ததை வைத்து ருசி குறையாமல் சமாளிக்கிற கைத்திறன் அது. ஆனால் பதார்த்தத்தின் பெயர் மாறாமல் உள்ளே இருக்கிற பொருள் மாறிவிடுகிறது. நேற்றுவரை சாப்பிட்ட சட்னி இன்றைக்கு ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காய டப்பாவில் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும், கூடவே கோந்து. கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய் உள்ளவர் வட இந்தியாவிலிருந்து வந்து, இட்லி அரிசியும் உளுந்தும்தானே என்று நிம்மதியாகச் சாப்பிடுவார். இட்லியில் ஒன்றுமில்லை. மேலே ஊற்றுகிற சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம் வழியாகக் கோதுமை வந்துவிடும். ரவா தோசையில் ரவையே கோதுமை. வடை மாவு தளர்ந்துபோனால் ஒரு கைப்பிடி ரவையோ மைதாவோ தூவி இறுக்குவார்கள். பரோட்டா மாவில் பல கடைகளில் முட்டை உண்டு, பால் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவரும் முட்டை ஒவ்வாதவரும் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கோபி மஞ்சூரியனில் ஊற்றுகிற சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் சேர்ந்தே வரும். அசைவக் கடையில் மீன் பொரித்த எண்ணெயிலேயே சிக்கன் விழும்.

இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. பெருங்காய டப்பா, சாஸ் பாட்டில், மசாலா பாக்கெட், பால் பவுடர் எல்லாவற்றிலும் ஒவ்வாமைத் தகவல் அச்சாகியே வருகிறது. பாக்கெட் உணவுக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சரக்கு அறை வரைக்கும் தகவல் வந்துவிடுகிறது. பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டிவிட்டு, உறையைக் குப்பையில் போடுகிறோம். சாப்பிடுகிறவர் இருப்பது அங்கிருந்து இருபது அடி தூரத்தில்.

அந்த இருபது அடிக்கு நடுவில் நிற்கிறவர் சப்ளையர். "இதுல கடலை இருக்கா?" என்ற கேள்வி அவரிடம்தான் வருகிறது. அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டு டேபிள் கையில், பார்சல் கவுன்ட்டரில் கூச்சல், உள்ளே போய்க் கேட்டால் மாஸ்டர் எரிந்து விழுவார். கடலை சேராது என்று சொன்னால் வாயுத் தொல்லை என்று எடுத்துக்கொள்வார். உயிர்ப் பிரச்சினை என்று தோன்றாது. இன்றைக்கு நம் ஓட்டல்களில் வேலை பார்க்கிற பிள்ளைகளில் பலர் பீகார், ஒடிசா, அசாம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள். நன்றாக உழைக்கிறார்கள். வாங்குகிற ஆர்டர் புரியும். சட்னியில் எது அரைத்தது என்று தமிழில் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

என் பேத்திக்கு நடந்ததும் இப்படித்தான். சென்னை போகிற வழியில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் காலை டிபனுக்கு நிறுத்தினோம். மருமகள் கேட்டாள்: "தம்பி, சட்னில வேர்க்கடலை போட்டிருக்கா? பாப்பாவுக்கு ஆகாது." அந்தப் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டே வந்தான். "இல்லக்கா, தேங்கா சட்னிதான்." அவன் சொன்னது அப்போது உண்மை. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே அந்த வாளி தீர்ந்து அடுத்த அரைவை வந்துவிட்டது. இரண்டாவது இட்லிக்கு ஊற்றியது புதிய சட்னி. கொஞ்ச நேரத்தில் குழந்தை உதடு கூசுகிறது என்றாள். உதடு தடித்தது, கழுத்தெல்லாம் தடிப்பு, வாந்தி, பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்து, எப்படிப் போடுவது என்று சொல்லியும் கொடுத்திருந்த அட்ரினலின் ஊசி மருந்தை மருமகள் கைப்பையிலேயே வைத்திருந்தாள். தொடையில் போட்டாள். 108 வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

மறுபடி அந்த வழியில் போனபோது இறங்கி அந்த மாஸ்டரிடம் பேசினேன். தொழில்காரன் என்பதால் மறைக்காமல் சொன்னார். முதல் அரைவைக்கு வைத்திருந்த தேங்காய் தீர்ந்துவிட்டது, கூட்டம் குறையவில்லை, வேர்க்கடலையைச் சேர்த்து ஓட்டியிருக்கிறார். சப்ளையர் வந்து கேட்டதே அவருக்கு நினைவில்லை. கேட்டபோது சொன்ன பதில் முதல் வாளிக்கானது. அவர் மேலும் அந்தப் பையன் மேலும் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. வாளி மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அந்த ஓட்டலில் ஒரு முறை இருந்திருந்தால் போதும்.

நான் இதைப் பேசும்போதெல்லாம் முதலாளிகள் சொல்கிற பதில், "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நம்ம ஊர்ல யாருக்கு இருக்கு?" என்பது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வொன்று, உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம் என்று கண்டது. வேர்க்கடலைக்கு மட்டும் என்றால் நம்மிடம் குறைவாக இருக்கலாம். எல்லா உணவையும் சேர்த்துப் பார்த்தால் நூறில் ஒருவருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு நடுத்தர ஓட்டலில் எத்தனை நூறு இலை விழுகிறது என்று முதலாளிகளுக்குத் தெரியும்.

என் அக்கா மகன் லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ் ஓட்டலில் வேலை பார்க்கிறான். அங்கே அடுக்களைச் சுவரில் ஒரு அட்டவணை தொங்குவதாகச் சொன்னான். இடப்பக்கம் பதார்த்தங்களின் பெயர், மேலே 14 பொருள்கள், நடுவில் டிக் குறி. நம் சாம்பாருக்கு நேரே கோதுமைக் கட்டத்தில் டிக் இருக்கிறது, பெருங்காயத்துக்காக. அவர்கள் பட்டியலில் கடுகும் உண்டு என்பதால் தாளிக்கிற பதார்த்தம் எல்லாவற்றிலும் கடுகுக் கட்டத்தில் டிக். எள்ளும் உண்டு, இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும் தனியாகக் குறித்திருக்கிறார்கள். நம் இந்தியப் பட்டியலில் எள் இல்லை. எள்ளும் நல்லெண்ணெயும் இவ்வளவு புழங்குகிற நாட்டில் அது இல்லாதது பெரிய குறை; அமெரிக்காவே 2023 முதல் எள்ளைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. லண்டனைச் சேர்ந்த நடாஷா என்ற 15 வயதுப் பெண், விமானம் ஏறுவதற்கு முன் வாங்கிய ரொட்டியின் மாவில் எள் இருந்தது தெரியாமல் சாப்பிட்டு 2016இல் இறந்தாள். கடையிலேயே தயாரித்துச் சுற்றி வைக்கிற உணவுக்குச் சேர்மானம் ஒட்டத் தேவையில்லை என்று அப்போது விதி இருந்தது. பெற்றோர் போராடி, 2021 அக்டோபர் முதல் அந்த விதி மாறியது. அங்கே அந்த அட்டவணையைப் பார்த்து வேலை செய்கிற மாஸ்டர்கள் நம் தஞ்சாவூர்க்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும்தான். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

முடியும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 2019 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, ஓட்டல்காரர்கள் பார்சலுக்கு வாழை இலையையும் பாத்திரத்தையும் தேடிப் போனார்கள். 2020 அக்டோபர் முதல், ஸ்வீட் ஸ்டாலில் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். தட்டு முன்னால் சின்ன அட்டை வந்தது. அதே அட்டையில் முந்திரி, பால், கோதுமை என்று மூன்று சொல் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

நான் கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் 'இன்றைய ஸ்பெஷல்' போர்டு உண்டு; தினமும் காலையில் சாக்பீஸால் எழுதுகிறோம். அதன் அடியிலேயே 'இன்று வேர்க்கடலை, முந்திரி சேர்ந்தவை' என்று ஒரு வரி எழுத வேண்டும். சட்னி வாளி மாறினால் அந்த வரியும் மாற வேண்டும். மாற்றுகிற பொறுப்பு சூபர்வைசருக்கு. வேர்க்கடலை சேர்த்த வாளிக்குச் சிவப்புக் கைப்பிடி, சேர்க்காததற்கு வேறு நிறம் என்று வைத்துவிட்டால் மொழி தெரியாத பையனுக்கும் புரியும். அடுக்களைச் சுவரில் படம் போட்ட அட்டவணை ஒன்று. தெரியாவிட்டால் "தெரியாது, சாப்பிட வேண்டாம்" என்று சொல்லச் சப்ளையருக்கு முதலாளி அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இது எல்லாவற்றையும்விட முக்கியம். வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் பல நேரம் "இல்ல சார்" என்ற பதில் வருகிறது.

உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஓட்டல் ஊழியர்களுக்கு 'ஃபாஸ்டாக்' என்ற பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். கை கழுவுவது, எண்ணெயை எத்தனை முறை காய்ச்சலாம் என்பதோடு ஒவ்வாமைக்கும் அதில் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும், தமிழிலும் இந்தியிலும். உரிமம் புதுப்பிக்க வருகிறவரிடம் 10 கிளை இருக்கிறதா என்று பாராமல் அட்டவணையைக் கேட்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற செயலிகளும் உணவகத்திடம் இந்தத் தகவலை வாங்கித் தமிழில் காட்ட வேண்டும். கல்யாணச் சமையல்காரர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது; அதையும் ஒருநாள் பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, ஓட்டலில் வேலை செய்கிறவர்களுக்காக. சாப்பிட்ட சில நிமிடங்களில் ஒருவருக்கு உதடும் நாக்கும் தடித்து, குரல் மாறி, மூச்சு திணறினால் அவருக்கு எலுமிச்சைச் சாறோ சோடாவோ கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் உட்கார வையுங்கள். உடனே 108ஐ அழைத்து ஒவ்வாமை என்று சொல்லுங்கள். அவர் கையில் அட்ரினலின் மருந்து இருந்தால் தொடையில் போட உதவுங்கள். அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நேரம் போய்விடும். வெளிநாட்டில் கிடைக்கிற, தானே அழுத்திப் போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. சுகாதாரத் துறை அதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். சைவ ஓட்டலில் வழக்கமாகப் போடுகிற காலை, மதியம், இரவுப் பதார்த்தங்களை வரிசையாக எழுதி, 8 வகைக்கும் எள்ளுக்கும் சேர்த்துக் கட்டம் போட்டிருக்கிறேன். பழக்கப்பட்ட மாஸ்டர்கள் சிலரிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன். கட்டங்களை நான் நிரப்பவில்லை. ஒவ்வொரு அடுக்களையும் தன் சரக்கைப் பார்த்துத் தானே நிரப்ப வேண்டும். இடம் இருந்தால் அதை வெளியிடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை இதழில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டல் சூபர்வைசர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.